கூரையில் தகடு உண்டு, கணக்கு உண்டா?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் கிழக்கேகோட்டைப் பகுதியில், கூரை மீதுள்ள சூரிய மின் தகடுகள் தரும் மின்சாரம் குறைந்தால் மழை மீது பழி போடுவது எளிது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் துலாவர்ஷம் என ஆண்டுக்கு இருமுறை மேகம் சூழும் ஊர் இது. ஆனால், குறை வானத்திலா, தகட்டிலா என்பதைப் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதற்குச் 'செயல்திறன் விகிதம்' என்று பெயர்.

கணக்கிடுவது எப்படி?

தகட்டின் மீது விழுந்த வெயிலுக்கு வந்திருக்க வேண்டிய மின்சாரத்தில், உண்மையில் வந்தது எத்தனை சதவீதம் என்பதே இந்த விகிதம். மூன்று கிலோவாட் அமைப்பின் மீது ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுந்தால், கணக்குப்படி 15 யூனிட் கிடைக்க வேண்டும். 12 யூனிட் வந்தால் விகிதம் 80 சதவீதம். மழை நாளில் வெயில் பாதியாகி 6 யூனிட் மட்டுமே வந்தாலும் விகிதம் அதே 80 தான். தகடு நலமாக உள்ளது. நல்ல வெயிலிலும் 6 யூனிட்தான் என்றால் விகிதம் 40 ஆகிவிடும்; கோளாறு கூரையில் இருக்கிறது.

தூசி, பறவை எச்சம், தென்னை நிழல், தளர்ந்த இணைப்பு, இன்வெர்ட்டர் பழுது ஆகியவை வழக்கமான காரணங்கள். வெப்பமும் ஒரு காரணம். தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பநிலையில் அளந்து குறிக்கப்படுகிறது. உச்சி வெயிலில் அது 60 டிகிரி வரை சூடேறும்போது திறன் பத்து சதவீதத்துக்கும் மேல் குறையக்கூடும். மும்பை ஐ.ஐ.டி.யும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் 2016-இல் நடத்திய கள ஆய்வில், வெப்பம் மிகுந்த பகுதிகளிலும் கூரைகளிலும் உள்ள தகடுகள் விரைவாகத் திறன் இழப்பது தெரியவந்தது.

மானியம் எதற்கு?

கேரள அரசின் 'அனெர்ட்' நிறுவனம் 2012-13-ஆம் ஆண்டிலேயே பத்தாயிரம் கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்கு ரூ.75,021 கோடி ஒதுக்கப்பட்டது. இதில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம். இயக்கி வைக்கும் நாளில் செயல்திறன் விகிதம் 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும், நிறுவியவர் ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பதும் விதிகள்.

ஆயினும் மானியம் பொருத்திய கிலோவாட்டுக்கே தவிர, விளைந்த யூனிட்டுக்கு அல்ல. நாடாளுமன்றத்தில் அளிக்கப்படும் பதில்களிலும் வீடுகளின் எண்ணிக்கையும் மானியத் தொகையுமே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. முதல் நாள் சோதனைக்குப் பின் கூரையைக் கவனிக்கும் பொறுப்பு, கடன் வாங்கித் தகடு பொருத்திய வீட்டுக்காரர் தலையிலேயே விழுகிறது.

மின் கட்டண ரசீதை மட்டும் பார்ப்பது போதாது. தகடுகள் உற்பத்தி செய்த மொத்த யூனிட்டை மாதந்தோறும் குறித்து, அதே திசையில், அதே அளவில் தகடு பொருத்திய அண்டை வீட்டுக் கணக்குடன் ஒப்பிட்டாலே பெரிய கோளாறுகள் வெளிப்பட்டுவிடும். பராமரிப்புக் காலம் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். குறையை அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் செலவு வீட்டுக்காரருடையது. வரிப்பணம் கொடுத்த அரசும் இதே கணக்கைக் கேட்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.