இரும்பின் களைப்பு

மாரண்டஹள்ளியில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கம்பி கட்டுகிறவர், கையில் குறடு இல்லாதபோது என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைக்கிறார்; வளைவு சுடுகிறது; பிறகு பட்டென்று அறுந்துவிடுகிறது. இரண்டு ஆள் இழுத்தாலும் அறாத கம்பி சிறுவனின் விரல்களுக்கு இணங்கிவிடுகிற இந்த விந்தைக்கு உலோக சாஸ்திரம் இட்ட பெயர் களைப்பு. லேத் பட்டறைக்கு வருகிற முறிந்த ஷாப்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஒரு பகுதி, ஏரி வற்றும்போது கரையில் விட்டுப்போகும் கோடுகளைப்போல வரிவரியாய் வழவழத்திருக்கும், மறு பகுதி உடைகல்லாய்ச் சொரசொரக்கும். வரிகள் நெடுநாள் ஊர்ந்த விரிசலின் தடம். சொரசொரப்பு கடைசிக் கணத்தின் முறிவு.

1842இல் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் அச்சு முறிந்து பலர் மாண்டதுமுதல் நிபுணர்களை அலைக்கழித்த இந்த விஷயத்தைத் தம் ஜீவிய காரியமாக வரித்துக்கொண்டவர்களுள் ஒருவர், பேராசிரியர் சுப்ரா சுரேஷ். 1956இல் பிறந்து, தமிழ்நாட்டில் பதினைந்து வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்து, 1977இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பட்டமும், 1981இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டமும் பெற்ற அவர், 1983இல் பிரவுன் சர்வகலாசாலையில் உபாத்தியாயராக அமர்ந்து, 1993இல் தாம் பயின்ற எம்.ஐ.டி.க்கே பேராசிரியராகத் திரும்பினார்.

அவருடைய ஆரம்பகால ஆராய்ச்சிகளில் என்னைப் பெரிதும் வசீகரித்தது துருவைப் பற்றியது. துரு இரும்புக்குச் சத்துரு என்றுதானே நினைத்திருக்கிறோம்? மிகச் சிறிய பளுவில், ஈரக் காற்றில், திறந்தும் மூடியும் உராய்கிற விரிசலின் இரு சுவர்களுக்கிடையே படியும் ஆக்ஸைடு, மரத்தைப் பிளக்கச் செருகுகிற ஆப்பைப்போல அங்கே அடைத்துக்கொள்வதால், விரிசல் முழுதும் மூட இயலாமல், நுனியில் விழும் சிரமம் தணிந்து, அதன் வளர்ச்சி மந்தமாகிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள். பிளக்க வேண்டிய ஆப்பே பிளவைத் தடுக்கிறது! 1991இல் வெளியான 'ஃபட்டீக் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்னும் அவருடைய பாடநூல் இத்துறையில் இன்றும் பிரசித்தம்.

பேராசிரியர் என்றால் எந்தப் பதவிக்கு உயர்ந்தார் என்று விசாரிப்பது நம்மவர் வழக்கமாகையால் அதையும் சொல்லிவிடுகிறேன்: 2010முதல் 2013வரை அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர், பிறகு கார்னகி மெலன், அதன்பின் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் தலைவர், இடையில், 2011இல், பத்மஸ்ரீ.

எனக்கோ, இவற்றுக்கெல்லாம் முன்னரே அவர் இரும்பை விட்டு ரத்தத்துக்கு வந்த கதைதான் பெரிது. மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் எட்டுக் கூறு அகலமுள்ள சிவப்பணு, மூன்றே கூறு அகலமுள்ள நாளத்தில் உடலைச் சுருக்கி நுழைந்து, மறுபுறம் பழைய வடிவம் கொள்கிறது. சுமார் நூற்றிருபது நாள் ஆயுள் முழுதும் இதே உழைப்பு. ரயில் அச்சின் பாட்டை அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றியிராது. அணுவின் இரு ஓரங்களிலும் நுண்மணிகளை ஒட்டி, லேசர் ஒளியால் பற்றி இழுத்து அளந்தபோது, மலேரியாக் கிருமி குடிபுகுந்த அணு, ஆரோக்கியமான அணுவைவிடப் பத்து மடங்குவரை விறைத்திருக்க அவரும் சகாக்களும் கண்டார்கள். காய்ச்சல் ஏறிய உடலின் உஷ்ணத்தில், கிருமி சுரக்கும் ஒரு புரதம் அவ்விறைப்பை இன்னும் கூட்டுகிறது. நாளத்தின் வாயில் அணு வளைய மாட்டாமல் நிற்கிறது. பின்னால் வருகிற ரத்தமும் அங்கேயே தேங்குகிறது.