கடலோரத்து அணு உலையும் கரையில் வாழ்வோரும்

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நின்றிருந்தோம். காத்திவாக்கத்து மூதாட்டி ஒருவர் அருகில் வந்து, "சாமி, பேரப்புள்ளைக்குக் கூடங்குளத்துல வெல்டர் வேலை வந்திருக்கு. அனுப்பட்டுமா? அது வெடிக்கும்னு சொல்றாங்களே!" என்று கேட்டார். வாயிலில் நின்றபடி ஒரே சொல்லில் விடையளிக்க நம்மால் இயலவில்லை. அவருக்கும், அவரைப் போல் ஐயுறும் நம் குடும்பங்களுக்குமாக இதனை எழுதுகிறோம்.

மின்நிலையம் என்பது நம் பகுதிக்குப் புதிதன்று. 1970 இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 மார்ச்சில் மூடப்படும் வரை, ஏறத்தாழ இரண்டு தலைமுறையினர் அதன் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்தனர். அதனால் பிழைத்த குடும்பங்களும் உண்டு. கழிமுகத்தில் சாம்பலும் சுடுநீரும் கலந்து இறால் குறைந்ததென வருந்தும் குடும்பங்களும் உண்டு. இரு சாராரும் ஒரே ஆலயத்தில் அருகருகே முழந்தாளிடுகின்றனர்.

மின்நிலையங்கள் ஏன் கடற்கரையை நாடுகின்றன? நிலக்கரியாயினும் யுரேனியமாயினும், அது தரும் வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுழற்றுவதே முறை. சுழற்றி முடிந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்க வேண்டும். அணு உலையின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதன் பெரும்பகுதி குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கே செல்கிறது. மீனவர் வலை வீசும் அதே நீர்தான்!

நமக்கு அண்மையிலுள்ள கல்பாக்கத்தைப் பார்ப்போம். நம் நாட்டார் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியால் எழுப்பிய முதல் அணுமின் நிலையம் அது. 1970களின் தொடக்கத்தில் பணி தொடங்கியது. கடலடித் தரைக்குக் கீழே பாறையைக் குடைந்து, அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் சுரங்கம் அமைத்து நீர் கொணர்ந்தனர். முதல் உலை 1983 ஜூலையில் உயிர்பெற்றது. அம்மாதமே பிரதமர் இந்திரா காந்தி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பொறியாளர்களுக்கு நேர்ந்த ஒரு தொல்லை நம் மீனவருக்கு நகைப்பூட்டக்கூடும். அச்சுரங்கத்தின் சுவர்களில் பச்சைச் சிப்பிகள் அடையடையாகக் குடியேறிவிட்டன! அவற்றைத் தடுக்க நீரில் குளோரின் சேர்க்க வேண்டியதாயிற்று.

வெடிக்குமா என்று கேட்டார் மூதாட்டி. உலையில் இடும் எரிபொருள் அணுகுண்டுக்குரிய செறிவு உடையதன்று. ஆகவே குண்டு போல் அது வெடிப்பதில்லை. அபாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. உலையை நிறுத்திய பின்னரும் எரிபொருள் நெடுநாள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதனை நீரால் குளிர்வித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது. குளிர்வித்தல் நின்றது, எரிபொருள் உருகியது, பல்லாயிரவர் வீடுவாசல் துறந்தனர். 2004 டிசம்பர் 26 இல் கல்பாக்கத்திலும் கடல் புகுந்து நீரேற்றும் நிலையத்தை நிரப்பியது. ஆயினும் இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பணியாளர் பாதுகாப்பாக நிறுத்தினர், கதிர்வீச்சு வெளியேறவில்லை. உலை தப்பியது, ஆனால் அதன் குடியிருப்பில் பல உயிர்கள் மாண்டன என்பதையும் மறத்தலாகாது.

இனிக் கூடங்குளம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தனர். பொதுமக்கள் கருத்துக் கேட்பு சட்டப்படி கட்டாயமாவதற்கு முன்னரே, 1989 இல், முதலிரு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. 2002 இல் காங்கிரீட் இடத் தொடங்கினர். அவ்விரு உலைகளுக்காகக் கரையில் வாழ்வோரை அமர்த்தி முறையாகக் கருத்துக் கேட்கும் நாள் வரவேயில்லை. 2011 இல், புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் கண்ட சில மாதங்களில், உலையைச் சூடேற்றிச் சோதித்தபோது எழுந்த ஓசை இடிந்தகரையை நடுங்கச் செய்தது. அவ்வூர் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் எழுந்தது. பீடி சுற்றும் பெண்கள் தம் தட்டுகளோடு அங்கு வந்து அமர்ந்தனர். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடியவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்று மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 2013 மே 6 இல் உச்ச நீதிமன்றம் பதினைந்து கட்டளைகளுடன் உலையை இயக்க இசைவளித்தது. மக்கள்மீதுள்ள குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் கூறியது. அவ்வாண்டு ஜூலையில் முதல் உலை இயங்கலாயிற்று.

அக்காலத்தில் குருக்களாகிய நம்மில் சிலர் அணுவியலைக் கல்லாமலே பேசியதுண்டு. பொறியாளர் சிலர் கடற்கரை வாழ்வை அறியாமலே விடையளித்ததும் உண்டு. மின்விளக்கின் கீழ் அமர்ந்து எழுதும் நாம் மின்சாரம் வேண்டாமெனக் கூறோம். ஆனால் உலையைக் கட்டி முடித்த பின், "அஞ்சாதீர்" என்பது, வீட்டைக் கட்டிவிட்டு மனையின் உரிமையாளரிடம் இசைவு கேட்பதற்கு ஒப்பாகும். இதில் நம் மனம் இன்றளவும் அமைதியடையவில்லை.

அடுத்த ஞாயிறு மூதாட்டியையும் பேரனையும் பங்கு இல்லத்துக்கு அழைத்தோம். அங்கே 2021 இல் தொடங்கிய ஐந்தாம், ஆறாம் உலைகளின் பணிக்கே அவர் செல்லவிருந்தார். எரிபொருள் ஏற்றாத உலையில் அதனால் வரும் கதிர்வீச்சு இல்லை என்பதை விளக்கினோம். வெல்டருக்கு அங்கே உயரமும் கிரேனுமே முதற்பகை. வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கக் கதிர்வீசும் கருவி கொணர்வர். அவ்வேளை கட்டப்படும் கயிற்றுக்குள் கால் வைக்கலாகாது. இதைச் சொன்னதும், "அது தெரியும் ஃபாதர், இங்க பைப்லைன் வேலையிலயே பார்த்திருக்கேன்" என்றார் பேரன். மூதாட்டி அவரை வியப்போடு நோக்கினார். வருங்கால வைப்பு நிதி எண், காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் பெறுமாறு கூறினோம்.

பேரன் சென்ற வாரம் புறப்பட்டுவிட்டார். ஒப்பந்தக்காரரின் முகவரி எழுதிய தாளை மூதாட்டி தம் செபமாலைப் பையில் மடித்து வைத்திருக்கிறார்.