சென்னையிலிருந்து ஜித்தா: மூன்றரை மணியா, ஆறு மணியா?

சென்ற ஆண்டு உம்ராவுக்குப் புறப்பட்ட என் மாமியார், விமானச் சீட்டை என்னிடம் நீட்டி, "காலை பத்துக்கு ஏறினால் பகல் ஒன்றரைக்கு ஜித்தா. மூன்றரை மணிநேரந்தானே, மருமகனே!" என்றார்கள். மதரஸாவுக்குச் செல்லும் அவசரத்தில் நானும் தலையசைத்துவிட்டேன். அவர்களோ நீரிழிவு நோயாளி. ஜித்தாவில் இறங்கியதும் உண்டுகொள்ளலாம் என்று பகல் மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெட்டி கைக்கு வந்தபோது நமதூரில் மஃக்ரிபு நேரம் கடந்திருந்தது.

பிழை சீட்டில் இல்லை. அதில் புறப்படும் நேரம் சென்னை நேரம். இறங்கும் நேரம் ஜித்தா நேரம். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையிலும், ஜித்தா 39 பாகையிலும் உள்ளன. ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு 4 நிமிடம். ஆயினும் கடிகாரங்கள் அந்தந்த ஊரைப் பின்பற்றுவதில்லை. இந்திய நேரம் 82½ பாகையையும், சவூதி நேரம் 45 பாகையையும் ஒட்டியவை. வித்தியாசம் 37½ பாகை. அதாவது 150 நிமிடம். இந்த இரண்டரை மணியைக் கூட்டினால் ஆறு மணிநேரம்.

நேர்க்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 4,450 கிலோமீட்டர். உயரத்தில் மணிக்கு 850 கிலோமீட்டருக்குமேல் பறக்கும் விமானத்திற்கு ஐந்தேகால் மணி போதுமே எனலாம். ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் நேரமாகிறது. வான்வழியும் நூல் பிடித்தாற்போல் நேராக இராது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று, போகும்போது எதிர்த்து நின்று, திரும்பும்போது பின்னின்று தள்ளுகிறது. எனவே வருகை விரைவு. ஆனால் சீட்டில் இரவு 10க்குப் புறப்பட்டு அதிகாலை 5.30க்குச் சென்னை என்றிருக்கும். ஏழரை மணி என்று மலைக்க வேண்டாம், ஐந்து மணிதான்.

மும்பையிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச்சென்ற கப்பல் பயணம் 1995இல் நின்றுபோயிற்று. கடலில் நாட்கணக்கில் சென்றவர்களுக்கு மீக்காத் மெல்ல நெருங்கும். விமானத்திலோ அது சில நொடிகளில் கடந்துவிடும், அதுவும் ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே! ஆகையால் இஹ்ராம் துணியைப் பெட்டியில் போட்டுவிட்டு, இறங்கியபின் உடுத்தலாம் என்றிருப்பது பெருந்தவறு. வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ துணியை உடுத்திக்கொண்டு, அறிவிப்பு வரும்போது நிய்யத் செய்து தல்பிய்யா கூறுவோர் பலர். உறங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர் முன்னதாகவே நிய்யத் செய்துகொள்ளலாம்.

ஆறு மணி என்பதும் ஆகாயக் கணக்கு மட்டுமே. புறப்படுமுன் விமான நிலையத்தில் மூன்று மணி, இறங்கியபின் குடியேற்றச் சோதனை வரிசை, அப்பால் மக்காவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர் சாலை. வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் இரவையும் சேர்த்தால் ஒரு முழு நாள்.

மாமியார் இப்போது மறுபடியும் உம்ராவுக்கு நிய்யத் வைத்திருக்கிறார்கள். மாத்திரைகளுக்கென்று தோளில் மாட்டும் சிறு பையொன்றைத் தாமே தைத்துவிட்டார்கள். சீட்டு வந்ததும், இன்ஷா அல்லாஹ், கணக்குப் பார்ப்பது என் பொறுப்பு.