நகத்தில் பதிந்த காய்ச்சல்

கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களின் நகங்களில் சில வாரங்கள் கழித்துக் குறுக்காக ஒரு பள்ளம் தெரியும். அதை வைத்து நோய் வந்த காலத்தையே பின்னோக்கிக் கணக்கிடலாம் என்று 1846இல் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ஹொனோரே சிமோன் போ. அந்தப் பள்ளங்களுக்கு இன்றும் 'போ கோடுகள்' என்றே பெயர்.

நாம் வெட்டி எறியும் நகம் உயிரற்ற கெராட்டின். அதை உருவாக்கும் மேட்ரிக்ஸ் என்னும் திசு நகத்தின் அடித்தோலுக்குள் மறைந்திருக்கிறது. அதன் முன்விளிம்புதான் வெண்பிறையாக வெளியே தெரிகிறது. அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். டைபாய்டு, நிமோனியா, மாரடைப்பு, கீமோதெரபி என்று உடல் பெரிதாக அடிபடும்போது அந்த வேலை மந்தமாகிறது. அந்த நாட்களில் உருவான நகம் மெலிந்துபோகிறது. உடம்பு தேறியதும் வளர்ச்சி பழையபடி தொடங்க, மெலிந்த பகுதி பள்ளமாக முன்னே நகர்கிறது. பள்ளம் அகலமாக இருந்தால் பாதிப்பு நெடுநாள் நீடித்தது என்று பொருள்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். பள்ளம் அடித்தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அது வெளியே வந்து ஏறக்குறைய இரண்டு மாதம். தோலுக்கடியில் கடந்துவந்த சில வாரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துல்லியத் தேதி கிடைக்காது. வயது ஏற ஏற வளர்ச்சி குறையும். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் தன் கட்டைவிரல் நகத்தையே 35 ஆண்டுகள் அளந்தார்: 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர், 67 வயதில் 0.095. இப்படி ஒரு பொறுமை அறிவியலுக்குக் கிடைத்த பேறு என்றே சொல்வேன். கைவிரல்களில் கோடு ஆறு மாதத்தில் வளர்ந்து மறைந்துவிடும். கால் பெருவிரலில் ஓராண்டுக்கு மேலும் இருக்கும்.

ஒரே ஒரு நகத்தில் பள்ளமென்றால் கதவிடுக்கில் நசுங்கியது போன்ற காயமாக இருக்கலாம். பல நகங்களில் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் உடல் முழுவதையும் தாக்கிய நோயைத் தேட வேண்டும். பள்ளமே இல்லாத வெள்ளைக் குறுக்குக் கோடுகள் வேறு கதை; ஆர்சனிக் நஞ்சில் அவை தோன்றுவதை 1919இல் மீஸ் என்ற டச்சு மருத்துவர் விவரித்தார்.

வளர்ச்சி அடியோடு நின்றுபோனால் நகமே கழன்று விழும். கை-கால்-வாய் நோய் வந்த குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து இப்படி நேர்வதுண்டு. கொப்புளங்கள் எப்போதோ ஆறிப்போயிருக்கும். இரண்டையும் தொடர்புபடுத்தத் தெரியாமல் பெற்றோர் பதறுகிறார்கள், கால்சியம் குறைவோ என்று டானிக் வாங்குகிறார்கள். தேவையில்லை. அடியில் புதுநகம் முளைத்துவரும்.

பெரிய நோய் எதுவும் வந்த நினைவே இல்லாமல் பல நகங்களில் பள்ளம் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள். கால் நகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.