மான்டரே விரிகுடாவின் கடல் பாலூட்டிகள்

மான்டரே விரிகுடா, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே பசிபிக் கரையில் அமைந்துள்ளது. கடல் பாலூட்டிகளை இங்கு இரண்டு வழிகளில் பார்க்கலாம். கரையில் உள்ள மான்டரே விரிகுடா மீன்காட்சியகத்தில் கடல் நீர்நாய்களைக் காணலாம். துறைமுகத்திலிருந்து படகில் சென்றால் திமிங்கலங்களையும் டால்பின்களையும் காணலாம். இன்று பயணிகள் வியந்து பார்க்கும் இவ்விலங்குகளில் சில, ஒரு காலத்தில் இதே கரையில் அழிவின் விளிம்பு வரை வேட்டையாடப்பட்டவை.

விலங்குகள் இங்கே கூடுவதற்கான காரணம்

விரிகுடாவின் நடுவே மான்டரே பள்ளத்தாக்கு என்னும் கடலடிப் பள்ளம் உள்ளது. மாஸ் லேண்டிங் என்ற சிற்றூரின் கரைக்கு மிக அருகில் தொடங்கும் இது, ஆழ்கடலில் 3,600 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. இதனால் ஆழ்கடலில் திரியும் விலங்குகள் கரைக்கு அருகிலேயே வருகின்றன.

வசந்த காலத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து சத்துகள் நிறைந்த குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதில் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு, இறால் போன்ற தோற்றமுடைய கிரில் பெருகுகிறது. நெத்திலி மீன்களும் கூட்டமாகச் சேர்கின்றன. இவ்விரண்டையும் தேடியே பெரிய திமிங்கலங்கள் வருகின்றன.

காட்சியகத்தில்: கடல் நீர்நாய்

மத்தி மீன்களை டின்களில் அடைத்துவந்த பழைய ஆலை ஒன்று இருந்த இடத்தில், 1984 இல் இக்காட்சியகம் திறக்கப்பட்டது. இங்கே உயிருள்ள திமிங்கலமோ டால்பினோ வளர்க்கப்படுவதில்லை. தொட்டியில் பார்வைக்கு உள்ள கடல் பாலூட்டி கடல் நீர்நாய் மட்டுமே.

திமிங்கலங்களுக்கும் சீல்களுக்கும் தோலின் கீழே தடித்த கொழுப்பு அடுக்கு உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. குளிரிலிருந்து அதைக் காப்பது உரோமமே. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் உள்ளன. பாலூட்டிகளில் இதைவிட அடர்ந்த உரோமம் எதற்கும் இல்லை. மயிர்களிடையே தங்கும் காற்று, குளிர்ந்த நீர் தோலைத் தொடாமல் தடுக்கிறது. உரோமத்தில் எண்ணெய் படிந்தால் இந்தக் காப்பு குலைந்து விலங்கு குளிரில் இறக்க நேரிடும். உடல் வெப்பத்தைப் பேண, அது நாள்தோறும் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு உணவு உண்கிறது. மல்லாந்து மிதந்தபடி, மார்பின்மேல் வைத்த கல்லில் சிப்பியை மோதி உடைத்துத் தின்னும்.

தாயைப் பிரிந்து கரையொதுங்கும் குட்டிகளைக் காட்சியகம் மீட்டு வளர்க்கிறது. தொடக்கத்தில் மனிதர்களே வளர்த்ததால், குட்டிகள் மனிதரை நாடிப் பழகின. அது கடல் வாழ்வுக்கு உதவவில்லை. எனவே கடலுக்குத் திரும்ப இயலாத பெண் நீர்நாய்களிடம் குட்டிகள் ஒப்படைக்கப்பட்டன. இந்த வளர்ப்புத் தாய் முறை 2001 முதல் பலன் தந்தது. குட்டிகளை அணுகும் பணியாளர்கள் முகத்தையும் உருவத்தையும் மறைக்கும் கருநிற உடை அணிகின்றனர். இவ்வாறு வளர்ந்த குட்டிகள் அருகிலுள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ என்னும் கழிமுகத்தில் விடப்பட்டன. அங்கு நீர்நாய்களின் எண்ணிக்கை உயர்ந்ததில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இவற்றுக்கும் இவற்றின் சந்ததிக்கும் உரியது என்று 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது.

படகில்: பருவந்தோறும் மாறும் காட்சி

குளிர்காலத்தில் சாம்பல் திமிங்கலங்கள் ஆர்க்டிக் பகுதியிலிருந்து மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா காயல்களுக்கு, கரையை ஒட்டியே தெற்கே செல்கின்றன. வசந்தத்தில் தாய்கள் குட்டிகளுடன் வடக்கே திரும்புகின்றன. கரையோர ஆழமற்ற நீரை விட்டுப் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது, ஏப்ரல், மே மாதங்களில் ஓர்க்காக்கள் கூட்டமாகக் குட்டிகளைத் தாக்குவதுண்டு.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் நெத்திலியையும் கிரில்லையும் உண்ண வருகின்றன. அவற்றின் வால் அடிப்பகுதியின் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அதை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நீலத் திமிங்கலம் தென்படும். இரைதேடும் பருவத்தில் பசிபிக் நீலத் திமிங்கலம் ஒரு நாளில் ஏறத்தாழ 16 டன் கிரில் உண்ணும் என 2021 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இத்தகைய விலங்கை எந்தத் தொட்டியிலும் வளர்க்க முடியாது.

தொலைவிலிருந்து மூச்சை வைத்தே இனத்தை ஊகிக்கலாம். நீலத் திமிங்கலத்தின் மூச்சு உயரமான தூண்போல எழும். சாம்பல் திமிங்கலத்தினுடையது நேரெதிரே பார்க்கும்போது இதய வடிவில் தெரியும். கூன்முதுகுத் திமிங்கலத்தினுடையது புதர்போல விரியும்.

வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு

18, 19 ஆம் நூற்றாண்டுகளின் உரோம வணிகம் கடல் நீர்நாய்களை ஏறக்குறைய துடைத்தழித்தது. 1911 ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தம் அவற்றுக்குப் பாதுகாப்பளித்தபோது, கலிபோர்னியாவில் அவை எஞ்சவில்லை என்றே பலர் கருதினர். 1938 இல், மான்டரேக்குத் தெற்கே பிக் சுர் கரையில் ஒரு சிறு கூட்டம் உயிருடன் இருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. இன்று கலிபோர்னியாவில் வாழும் சுமார் 3,000 நீர்நாய்களும் அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை.

திமிங்கல வேட்டை மான்டரே கரையில் 1850களில் தொடங்கியது. கலிபோர்னியாவின் கடைசித் திமிங்கல ஆலை 1971 இல் மூடப்பட்டது. 1972 இல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1992 இல் இக்கடற்பகுதி தேசியக் கடற் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சாம்பல் திமிங்கலத்தின் கிழக்குப் பசிபிக் கூட்டம் 1994 இல் அமெரிக்காவின் அழிவுநிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இன்றைய ஆபத்துகள்

வேட்டை நின்றாலும் ஆபத்து நீங்கவில்லை. 2016 இல் சுமார் 27,000 ஆக இருந்த கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கலங்கள் 2023 இல் 15,000க்கும் கீழே குறைந்தன. ஆர்க்டிக் கடலில் இரை மாறியதும் குறைந்ததும் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கூன்முதுகுத் திமிங்கலங்கள் நண்டுக்கூடுகளின் கயிறுகளில் சிக்குகின்றன. கப்பல் மோதியும் திமிங்கலங்கள் இறக்கின்றன. இதனால் திமிங்கலங்கள் மிகுந்த காலத்தில் நண்டுப் பிடிப்புப் பருவம் தள்ளிவைக்கப்படுகிறது. பெரிய கப்பல்கள் 10 நாட் வேகத்துக்குள் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன.

பார்வையாளருக்கும் கடமை உண்டு. படகுகள் திமிங்கலத்திலிருந்து 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, அப்பால் நிற்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. உறங்கும் நீர்நாயை நெருங்கி எழுப்பினால், உடல் வெப்பத்துக்காக அது சேமித்த ஆற்றல் வீணாகும்.