டிக்கியில் ஒரு பெட்டி, செவியில் ஓர் இரைச்சல்

எங்கள் செவியியல் பிரிவுக்கு வரும் இளைஞர்களிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களுடன் அண்மைக் காலமாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: "காரில் சப்வூஃபர் பொருத்தியிருக்கிறீர்களா?" காதிரைச்சலால் உறக்கமின்றி வந்தவர்கூட இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து பேசத் தொடங்கிவிடுகிறார். பெட்டியின் கொள்ளளவு, துளையின் நீளம், ஆம்ப்ளிஃபையரின் வாட் அளவு என அவர் அடுக்கும் விவரங்களுக்கு நாங்கள் தடை போடுவதில்லை. பெட்டி எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் அதன் முன் அமர்ந்திருக்கும் செவிக்கு என்ன நேர்கிறது என்பதும் விளங்கும். குடும்பத்தாரும் அதை அறிந்திருப்பது நல்லது.

வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஓர் ஒலி எழும். புட்டியின் கழுத்திலுள்ள காற்று ஓர் எடைக்கல்லைப் போலவும், உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போலவும் இயங்கி, தமக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஊசலாடுவதே அவ்வொலிக்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர் இயற்பியலாளர் மட்டுமல்லர், மருத்துவமும் பயின்றவர் என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமை உண்டு. காரின் டிக்கியில் வைக்கப்படும் துளையுள்ள பெட்டி, அப்புட்டியின் பெரிய வடிவமேயன்றி வேறில்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் இத்தகைய பெட்டிகளுக்கான கணக்கை வகுத்தார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரிவாக்கினார். இன்று பெட்டி செய்பவர்கள் பயன்படுத்தும் கணினிச் செயலிகள் யாவும் அக்கணக்கையே பின்பற்றுகின்றன.

பெட்டியைச் 'சுருதி சேர்ப்பது' என்பது அந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பதே. பெட்டி பெரிதானாலும் துளைக்குழாய் நீண்டாலும் சுருதி தாழும். துளையின் வாய் அகன்றால் சுருதி உயரும். 56 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பெட்டிக்கு 150 சதுர சென்டிமீட்டர் வாயும் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துளைக்குழாய் அமைத்தால், அது 35 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். அதே குழாயைப் பாதியாக வெட்டினால் சுருதி 46 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறிவிடும். சுருதி சேர்ந்த அந்த அதிர்வெண்ணில் ஸ்பீக்கரின் கூம்பு மிகக் குறைவாகவே அசைகிறது. பெரும்பகுதி ஒலி துளையின் வழியாகவே வெளிப்படுகிறது. அதற்கும் கீழான ஒலிகளில் கூம்பைத் தாங்க உள்ளே காற்றின் பிடிப்பு இராது. அது கட்டின்றி முன்னும் பின்னும் பாய்ந்து கிழிய நேரும். ஆதலால், மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டியைத் துளைப்பெட்டியுடன் அவசியம் பயன்படுத்த வேண்டும்.

இசையின்பத்தை விரும்புவோர் 30 முதல் 35 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கின்றனர். ஒலியின் உரத்தை மட்டுமே நாடுவோர் அதை 40க்கும் மேலே உயர்த்துகின்றனர். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் அதிகம். காரின் உட்புறமோ மூன்று மீட்டர்கூட இராது. அலை விரிய இடமின்றி, அடைத்த காருக்குள் காற்றழுத்தமே மொத்தமாக ஏறி இறங்குகிறது. வீட்டுக் கூடத்தில் அடக்கமாக ஒலிக்கும் பெட்டி காரில் மார்பை அதிரச் செய்வது இதனாலேயே. ஒலியுரப் போட்டிகளில் 150 டெசிபலைக் கடப்பது இன்று வியப்புக்குரியதன்று. ஆனால் அளவெடுக்கும்போது போட்டியாளர்கள் பெரும்பாலும் காருக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை நம் இளைஞர்கள் கவனிப்பதில்லை.

இங்கே டெசிபல் கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபையரை 500 வாட்டிலிருந்து 1000 வாட்டுக்கு மாற்றினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். செவி அந்த வேறுபாட்டைச் சிறிதளவே உணரும். ஆனால் தொழிலிட ஒலிப் பாதுகாப்பு நெறியின்படி, 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும்: 88க்கு நான்கு மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம், 100க்குக் கால் மணி நேரம். பணம் இருமடங்காகச் செலவாகிறது, பயன் கண்ணுக்குத் தெரியாத அளவு, அனுமதிக்கப்பட்ட நேரமோ பாதி. இந்தப் பேரத்தைக் கடைக்காரர் எவரும் விளக்கிச் சொல்வதில்லை.

"கைப்பேசிச் செயலி 95 என்றுதானே காட்டுகிறது?" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி. பெரும்பாலான செயலிகள் மனிதச் செவியின் இயல்பை ஒட்டி, 40 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறத்தாழ 35 டெசிபலைக் கழித்தே காட்டுகின்றன. தாழ்ந்த ஒலியைச் செவி மந்தமாக உணர்வதால் அக்கழிவு நியாயமானதே. ஆயினும் உண்மையான காற்றழுத்தம் 130ஐத் தொட்டிருக்கக்கூடும். அந்த அழுத்தத்தைச் செவி மட்டும் தாங்குவதில்லை. கடும் ஒலியின் அருகில் இருந்தவர்களுக்கு, நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிய சில நிகழ்வுகளை 2004இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழ் வெளியிட்டது. அவர்களுள் ஒருவர் 1000 வாட் பெட்டி பொருத்திய தம் காரை ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர். இது மிக அரிது, அஞ்ச வேண்டியதில்லை. எனினும் காரில் பாடல் ஒலிக்கும்போது திடீரென மார்பு வலியும் மூச்சுத் திணறலும் தோன்றினால், தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

நாங்கள் நாள்தோறும் காண்பது அதைவிட அமைதியான சேதம். பெட்டியின் முழக்கத்துக்கு ஈடாக மற்ற ஸ்பீக்கர்களின் ஒலியையும் உயர்த்துகிறார்கள். செவிக்குள் நத்தை வடிவிலுள்ள காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. 'ச', 'ஸ' போன்ற ஒலிகளை நுட்பமாகப் பிரித்தறிய அப்பகுதி வேண்டும். ஆகவே பேசுவது கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்கிறார்கள். தொலைக்காட்சியின் ஒலியை மகன் உயர்த்திக்கொண்டே போகிறான் என்று தாய்மார்களே முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

தாழ்ந்த ஒலிக்கு மற்றுமோர் இயல்பு உண்டு: தன்னைவிட உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளை அது மூடி மறைக்கும். பின்னால் வரும் ஆம்புலன்சின் சைரனும் அப்படி மறைந்துபோகலாம். செவியில் பஞ்சு வைத்துக்கொள்வதால் பெரும் பயன் இல்லை. தாழ்ந்த ஒலியை அது சிறிதளவே தடுக்கும்.

பெட்டியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. துளையில்லாத மூடிய பெட்டியோ, 32 ஹெர்ட்ஸை ஒட்டிச் சுருதி சேர்த்த பெட்டியோ மிதமான ஒலியிலேயே நிறைவளிக்கும். கூடுதல் வாட்டைத் தேடுவதினும், டிக்கியில் அதிர்ந்து கிறீச்சிடும் தகடுகளுக்கு அதிர்வடக்கும் அட்டை ஒட்டுவது நல்லது. பெட்டியைச் சோதிக்கும்போது, சிறிது நேரத்துக்கானாலும், குழந்தைகளைப் பின் இருக்கையில் அமர வைக்காதீர்கள். அவர்களுக்கு வலித்தாலும் சொல்லத் தெரியாது.

பயணம் முடிந்து இறங்கியபின் காது அடைத்ததுபோல் இருப்பதும் இரைச்சல் கேட்பதும் செவி களைத்ததன் அறிகுறிகள். அவை மறுநாளும் நீடித்தால் செவிப் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே வர வேண்டும்; சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மீளும் வாய்ப்பைக் குறைக்கிறது. வழக்கமான பரிசோதனைக்கு வருபவர்கள், முந்தைய 14 மணி நேரம் உரத்த ஒலி எதையும் கேட்காதிருக்க வேண்டும். களைப்பு நீங்காத செவியில் எடுக்கும் அளவு, நிலையான இழப்பையும் தற்காலிக இழப்பையும் பிரித்துக் காட்டாது. பெட்டி பொருத்திய காரிலேயே வருவதானால், வழியில் அதை அணைத்து வைத்திருங்கள்.