பழைய சிஸ்டத்துக்குப் புது டிஸ்க்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும்; பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் கடைக்கு வந்ததே 2017 கடைசியில்தான். அதற்கு முன் வாங்கிய சிஸ்டங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழசாகிவிட்டன. மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகத்திலும், திருவல்லிக்கேணி டிடிபி கடையிலும், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட அடையாறு வீட்டிலும் இப்போது கேட்கிற பேச்சு ஒன்றுதான்: "இது இனிமே தேறாது சார், புதுசு வாங்கிடுங்க."

புதுசு வாங்குவதற்கு முன் ஒருமுறை சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் வாருங்கள் என்பது என் கட்சி.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினாலும் சரி, பறக்கும் ரயிலில் வந்து சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினாலும் சரி, ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். பெயர் ஒரு தெருவுக்கு. வியாபாரமோ நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சந்து சந்தாகப் பரவிக் கிடக்கிறது. ரேடியோ சாமான்களில் தொடங்கி டிவி, கம்ப்யூட்டர், செல்போன், சிசிடிவி என்று காலத்துக்கேற்ப சரக்கு மாறினாலும், உதிரியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்ற அடிப்படை மாறவில்லை. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இந்தச் சந்தையைத்தான் சொல்வார்கள். கூவம் வளைந்தோடும் இந்தப் பேட்டையே 1734இல், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணித் தேவைக்காக நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கப்பட்டது. தறி போய்ச் சால்டரிங் அயர்ன் வந்தாலும் கைவேலைக்காரர்களின் இடமாகவே அது இருந்துவருகிறது.

அங்கே போய் "ரேம் வேணும்" என்று சொன்னால், விலைக்கு முன் ஒரு கேள்வி வரும்: "என்ன போர்டு?" அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ரேம் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி பச்சைப் பட்டை. ஆனால் 2007இல் தரப்படுத்தப்பட்ட டிடிஆர்3க்கு 240 கால்கள், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 கால்கள், 1.2 வோல்ட். 2020இல் வந்த டிடிஆர்5க்கும் 288 கால்கள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில். ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் ஏறாது. ஏற்றியே தீருவேன் என்று அழுத்தினால் போர்டு போய்விடும். எவ்வளவு ரேம் தாங்கும் என்பதையும் போர்டுதான் முடிவு செய்கிறது. 2011இல் வந்து ரிச்சி தெரு அசெம்பிள்டு சிஸ்டங்களில் எங்கும் நிறைந்த ஹெச்61 போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. அதற்கும் மூத்த ஜி41 என்றால் 8 ஜிபியோடு சரி. கேபினெட்டைத் திறந்து, போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் ரேமுக்கு முன்னால் பார்க்க வேண்டியது டிஸ்க். பழைய சிஸ்டத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஆன் செய்து பத்து நிமிடம் ஆகியும் 'டிஸ்க்' என்ற வரிசை 100 சதவீதத்தில் நிற்கும். பிராசஸர் பத்து, பதினைந்தைத் தாண்டாது. கல்யாண வீட்டில் சமையல்காரர் அடுப்பு மூட்டித் தயாராக உட்கார்ந்திருக்க, கோயம்பேட்டுக்குக் காய்கறி வாங்கப் போன ஆள் திரும்பாத நிலை இது. அடுப்பை மாற்றிப் பயனில்லை.

ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல் முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதற்கு முன்பாக முள் சரியான தடத்துக்கு நகர எட்டு ஒன்பது மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை விநாடிக்கு எண்பது முறைக்கு மேல் போய் எடுத்துவர முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. 1956இல் ஐபிஎம், 24 அங்குல அகலத்தில் ஐம்பது தட்டுகளை அடுக்கி 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும் முதல் ஹார்ட் டிஸ்க்கைச் செய்தபோதும் இதே சுழலும் தட்டும் நகரும் முள்ளும்தான். கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகியது. முள் நகரும் நேரம் அந்த வேகத்தில் குறையவில்லை.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. தோஷிபாவில் இருந்த ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃப்ளாஷ் மெமரியில் தகவல் மின்னூட்டமாகச் சிறைபட்டிருக்கிறது. எந்த மூலையில் இருந்தாலும் 0.1 மில்லி விநாடி அளவில் எடுத்துவிடலாம். ஹெச்61 போர்டில் சாட்டா கேபிளின் வேகம் பழைய 3 ஜிகாபிட் என்பதால் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது, பெரிய கோப்பைப் பிரதி எடுக்கும்போது பாதிதான் வரும் என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். தினசரி வேலையில் நம்மைக் காக்க வைத்தது அந்தத் துண்டுத் தகவல்கள்தான், அவை பழைய கேபிளிலும் பறந்து வரும். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியையே கேளுங்கள். சிறு பட்டையாக வரும் என்விஎம்இ டிஸ்கிலிருந்து பூட் ஆகும் ஏற்பாடு அந்தக் காலப் போர்டுகளில் பெரும்பாலும் இல்லை.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. எளிய 240 ஜிபி டிஸ்குக்கே கிங்ஸ்டன் நிறுவனம் குறிப்பிடும் எழுதக்கூடிய அளவு 80 டிபி. தினம் 20 ஜிபி எழுதினாலும், அதுவே வீட்டுக்கு அதிகம், 4,000 நாள் வரும்.

டிஸ்கை மாற்றிய பிறகு ரேமைப் பாருங்கள். ரேம் போதாவிட்டால் விண்டோஸ் டிஸ்கின் ஒரு பகுதியையே ரேமாகப் பாவித்து அங்கே இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்த சிஸ்டம் அவ்வளவு தவிக்கிறது. டாலியும் வேர்டும் ஒரு பிரவுசரும் ஓட 8 ஜிபி போதும். போட்டோஷாப், கோரல் டிரா என்றால் 16. ஒரே அளவில் இரண்டு பட்டைகளாகப் போட்டால் இரண்டு வழியிலும் தகவல் போய்வரும், அது இன்னும் நல்லது.

வருத்தம் என்னவென்றால், ரேம் வாங்க இது நல்ல காலம் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் கொழிப்பதால் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது. இங்கே பலரும் நம்பி வாங்கிய க்ரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. டிடிஆர்3 ரேமைப் பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய மறந்தே விட்டன. இந்த நிலையில் கைகொடுப்பது புல்-அவுட் சரக்கு: ஆயுள் முடிந்ததென்று ஐடி கம்பெனிகள் கழித்துவிடும் பிராண்டட் சிஸ்டங்களிலிருந்து கழற்றிய ரேம். அசல் சாம்சங், ஹைனிக்ஸ் பட்டை கிடைத்தால், பெயர் தெரியாத புதுப் பட்டையைவிட அதையே நான் எடுப்பேன். ரேமில் தேய ஒன்றுமில்லை. ஆனால் டிஸ்கைச் செகண்ட்ஸில் வாங்கவே கூடாது.

கவனிக்க வேண்டிய பொறிகளும் இருக்கின்றன. மலிவாக வரும் சில 8 ஜிபி டிடிஆர்3 பட்டைகள் ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும். இன்டெல்லில் போட்டால் திரை இருட்டாகவே இருக்கும். சர்வரிலிருந்து கழற்றிய ரேமும் வீட்டு சிஸ்டத்தில் பெரும்பாலும் ஓடாது. ஆகவே முடிந்தால் சிபியுவையே ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய், கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்து, பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும்; புதிது என்று வாங்கியதில் நூற்றுக்கணக்கில் மணி காட்டினால் மறுநாளே திருப்பிக் கொடுங்கள்.

கடற்கரை ஊரில் இன்னொன்று. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ரேமின் பொன்னிறக் கால்களில் படலம் படியும். சிஸ்டம் ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால், புது ரேம் வாங்குவதற்கு முன் பழைய ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் கால்களை மெதுவாகத் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பல சிஸ்டங்கள் அதிலேயே எழுந்துவிடும். தேதி, நேரம் தவறிப்போனால் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

இந்த வேலையால் உண்மையிலேயே பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்கிறவர்கள் தமிழ் டிடிபிக்காரர்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் மலர் என்று இருபது வருட வேலை அந்தக் கோப்புகளில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கிறது. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அச்சுக்கூடங்களில் பழைய எழுத்துருக்கள் அதன் பிறகும் விடைபெறவில்லை. சில மென்பொருள்கள் டாங்கிள் என்ற சாவியைச் செருகினால்தான் திறக்கும். புது சிஸ்டம், புது விண்டோஸ் என்று போனால் இதில் எது ஓடும், எது ஓடாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் க்ளோன் செய்துவிட்டால் எழுத்துரு, டாங்கிள், செட்டிங் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், வேகம் மட்டும் வந்து சேரும். க்ளோன்ஜில்லா இதை இலவசமாகச் செய்கிறது. கடையில் கொடுத்தாலும் செய்து தருவார்கள். அப்டேட் நின்றுபோன அந்த சிஸ்டத்தை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மெயிலும் பேங்கும் பார்க்கும் வீட்டு சிஸ்டம் என்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலேயே பேசும்.

2022இல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம் மட்டுமே. நம் வீட்டு மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டி அந்த மலையில் போய்ச் சேர இன்னும் ஐந்தாறு வருடம் பொறுக்கலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்கை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். அழித்தாலும், க்விக் ஃபார்மட் செய்தாலும் அதிலிருக்கும் கோப்புகளை மீட்டெடுக்க முடியும். ஆதார், வருமான வரிக் கணக்கு, குடும்பப் படம் எல்லாம் அதில் இருக்கிறது. யுஎஸ்பி கேஸ் ஒன்றை அதே தெருவில் வாங்கி அதற்குள் போடுங்கள். க்ளோன் செய்தது ஒரு மாதம் பிசகில்லாமல் ஓடும் வரை அதில் கை வைக்காதீர்கள். பிறகு முழு ஃபார்மட் செய்து, மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளலாம்.